சட்டைக்கு ஒரு மெஷின், மூக்குக்கு ஒரு கர்ச்சீப்

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு லைனில் என்ன கலர் ஓடியது என்று தெரிந்துவிடும். பிளீஸ் என்கிற பாலியஸ்டர் ஜாக்கெட் துணி நேவி புளூவில் ஓடினால் கர்ச்சீப்பில் நேவி புளூ. கறுப்பு ஓடினால் கறுப்பு. சிவப்பு ஓடும் வாரத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ரத்தம் என்று நினைத்துப் பதறுவார்கள், பழைய அக்காக்கள் சிரிப்பார்கள். நான் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, உள்ளே வந்து, செக்கிங்குக்குப் போய், இப்போது கியூ.சி. (தரச் சோதனை) என்று கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு திரிகிறேன். இத்தனை காலத்தில் இந்தக் கலர் சளியை ஒரு விஷயமாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பிளாஸ்டிக் பயம் வாரம் தவறாமல் வந்து விழும். உப்பில் பிளாஸ்டிக், பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக், வாரத்துக்கு ஒரு ஏ.டி.எம். கார்டு அளவு தின்கிறோம், மூளைக்குள் ஒரு ஸ்பூன் இருக்கிறது. அத்தை உப்பு டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கொழுந்தனார் செம்புக் குடம் வாங்கிவிட்டார். மகள் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாள்; அவளுக்கு இந்த மெசேஜ்களைப் பார்த்தாலே எரிச்சல். "அம்மா, இதுக்குப் பின்னாடி இருக்கற பேப்பரைப் படிச்சுட்டு அப்புறம் பயப்படலாம்" என்றாள். இரண்டு பேருமாகப் படிக்க ஆரம்பித்தோம். அவள் அர்த்தம் சொல்வாள், நான் கேள்வி கேட்பேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லாரும் வாயைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். மூக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் டெல்லியில் இருக்கும் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு பத்து வகை உப்பையும் ஐந்து வகைச் சர்க்கரையையும் சோதித்து அறிக்கை வெளியிட்டது. எல்லாவற்றிலும் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது பொடிப்பொடியான பிளாஸ்டிக் துகள், இருந்தது. அதிகபட்சம் அயோடின் சேர்த்த தூள் உப்பு ஒன்றில், கிலோவுக்கு 89 துண்டு. நம் தூத்துக்குடி உப்பை ஆராய்ந்தவர்கள் கடல்நீரில் காய்ச்சிய உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 வரை என்றும், போர் தண்ணீரில் காய்ச்சிய உப்பில் அதைவிடக் குறைவு என்றும் 2020இல் எழுதினார்கள். கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆள் நாளைக்குப் பத்து கிராம் உப்புத் தின்றாலும் (அவ்வளவு தின்பதே தப்பு, அது பிளாஸ்டிக்கால் அல்ல) வருஷத்துக்கு மூன்றரைக் கிலோ சொச்சம். 89 வீதம் வைத்தாலும் வருஷத்துக்கு முந்நூற்றுச் சில்லறைத் துண்டுதான்.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் படித்தோம். ஸ்காட்லாந்தில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்துக்காரர்கள், சிப்பி தின்பதால் உடம்புக்குள் எவ்வளவு பிளாஸ்டிக் போகிறது என்று பார்க்கக் கிளம்பினார்கள். சிப்பியை அதிகம் தின்கிற நாடுகளில்கூட ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 4,620 துண்டு வரை என்று வந்தது. அதே ஆய்வில், சாப்பிடும்போது வீட்டுத் தூசியில் இருந்து தட்டில் விழும் இழைகளையும் எண்ணினார்கள். அது வருஷத்துக்கு 13,731 முதல் 68,415 வரை. சிப்பியைக் குற்றம் சொல்லப் போனவர்களுக்கு வீட்டுக்குள் பறக்கும் தூசி அதைவிடப் பெரிதாக வந்து நின்றது. 2018இல் வந்த ஆய்வு இது. அந்த இழைகள் அத்தனையும் பிளாஸ்டிக் கிடையாது. பாரிஸில் வீட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துப் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் பெட்ரோலியத்தில் இருந்து வந்த இழை, மீதி பருத்தி, கம்பளி போன்றவை என்று 2017இல் சொன்னார்கள். கன மீட்டருக்கு வீட்டுக்குள் 1 முதல் 60 இழை; வெளியே ஒன்றரையைத் தாண்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்தாலும், தட்டில் விழுவது உப்பில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு ஆய்விலும் எண்ணும் முறை வேறு, எவ்வளவு சின்னத் துண்டு வரை எண்ணினார்கள் என்பதும் வேறு என்று மகள் குறுக்கே வந்தாள். சரிதான். இருந்தாலும் எந்தப் பக்கம் கனம் என்று புரிகிறதல்லவா?

அந்த இழை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் அதில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

திருப்பூர் என்றால் ஒரு காலத்தில் பருத்தி மட்டும்தான். இன்று உலகத்தில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்பது அது, 2021இல் மத்திய அரசு ஊக்கத்தொகை அறிவித்ததும் செயற்கை இழைத் துணிக்குத்தான். எங்கள் ஊரில் இதை எம்.எம்.எப். என்கிறோம். எம்.எம்.எப். ஆர்டர் பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் முதலாளிகள் வட்டாரத்தில் ஒரு மரியாதை. குளிர்கால ஜாக்கெட்டுக்கு வரும் பிளீஸ் துணி எப்படி மெத்தென்று ஆகிறது? பாலியஸ்டர் துணியைப் பின்னல் மெஷினில் ஓட்டிய பிறகு, கம்பி ஊசி பதித்த ரோலரில் தேய்த்து இழையைப் பிய்த்து நிமிர்த்துகிறார்கள். பிய்வதுதான் அதன் அழகே. அப்படிப் பிய்ந்த துணி கட்டிங்குக்கு வரும்போதே பறக்கும். ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டவும் செய்வதால் அதைச் சுற்றித்தான் தூசி அதிகம். மாலைக்குள் டியூப் லைட் மேல் பூனைக்குட்டி முடி மாதிரி படிந்துவிடும்.

இதில் எனக்குச் சிரிப்பு மூட்டுவது ஹேங்டேக், அதாவது ஜாக்கெட்டில் தொங்கும் அட்டை. "இந்த ஜாக்கெட் பழைய தண்ணீர் பாட்டில்களில் இருந்து செய்யப்பட்டது" என்று பச்சை எழுத்தில் போட்டு, பையர் அதற்குக் கொஞ்சம் காசு அதிகம் தருகிறான். பாட்டிலாக இருந்தவரை அது ஒரே துண்டாகக் கிடந்தது. நாங்கள் அதை நூலாக்கி, பின்னி, பிய்த்து, வெட்டிப் பறக்க விடுகிறோம். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் 2016இல் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டுப் பார்த்து, ஆறு கிலோ அக்ரிலிக் துணி துவைத்தால் ஏழு லட்சம் இழைக்கு மேல் கழன்று வரலாம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வு செய்த இருவரில் ஒருவரான ரிச்சர்ட் தாம்சன்தான் 2004இல் மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்த கட்டுரையை எழுதியவர்.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறது? அத்தை கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அதிகம் பேசப்பட்டது இத்தாலி ஆய்வு. ரஃபேலே மார்ஃபெல்லா தலைமையில் 2024 மார்ச்சில் வந்தது. கழுத்தில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்திருந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்து எடுத்த அடைப்பைச் சோதித்தார்கள். கடைசி வரை கவனித்த 257 பேரில் 150 பேரின் அடைப்பில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தொடர்ந்து பார்த்ததில், பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சாவு இவற்றில் ஏதோ ஒன்று வரும் வாய்ப்பு நாலரை மடங்கு. படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மகள்தான் மீதியைக் காட்டினாள்: பிளாஸ்டிக் இருந்த கூட்டத்தில் சர்க்கரை வியாதியும் புகைப்பழக்கமும் கூடுதல். ஆக, இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்றுதான் சொல்ல முடியும். இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு எழுதியவர்களே சொல்லவில்லை. சொன்னது வாட்ஸ்அப்.

மூளை ஸ்பூன் விஷயம் இன்னும் ஆட்டம் காண்கிறது. 2025இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஆய்வு அது. திசுவைக் கடும் சூட்டில் சிதைத்து வரும் ஆவியை வைத்து எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு என்று கணிக்கும் முறையைப் பயன்படுத்தினார்கள். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்பு. கொழுப்பைச் சூடாக்கினாலும் பாலிஎத்திலீனைச் சூடாக்கிய மாதிரியே ஆவி வருகிறது, எனவே அளவு ஊதிப்போயிருக்கலாம் என்று மற்ற வேதியியல்காரர்கள் மறுப்பு எழுதினார்கள். ஏ.டி.எம். கார்டு கணக்கும் அப்படித்தான். வாரத்துக்கு ஐந்து கிராம் வரை என்று 2019இல் கிளம்பியது. 2021இல் நெதர்லாந்தில் இன்னொரு குழு போட்ட கணக்கில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு நாலு மைக்ரோகிராம் சொச்சம் என்று வந்தது. கிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவே பத்து லட்சம் மடங்கு. இப்படி ஒரு வித்தியாசத்தோடு நான் மெஷர்மென்ட் ரிப்போர்ட் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே பயமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்காதீர்கள். நான் சொல்வது, ஒரு பொருள் உடம்பை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் அது அதிகமாக இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கேடு என்று உலகத்துக்குத் தெரிந்தது அதைக் கையாண்ட தொழிலாளிகளின் நுரையீரலில் இருந்துதான். பருத்தித் தூசியும் அப்படித்தான். பிளாஸ்டிக் இழைக்கும் அப்படி ஒரு கதை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

திருப்பூரில் ஃபிளாக் (flock) பிரின்ட் தெரியாதவர் இல்லை. டி-ஷர்ட்டில் வெல்வெட் மாதிரி தடவிப் பார்க்கத் தோன்றும் பிரின்ட். நைலான் இழையைப் பொடிப்பொடியாக வெட்டி, பசை தடவிய இடத்தில் மின்சாரத்தால் நட்டு நிற்க வைப்பது. சோபா துணிக்கும் இதே வேலை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அப்படி ஒரு ஆலையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் 1994இல் மூச்சுத் திணறலோடு டேவிட் கெர்ன் என்ற தொழில்நோய் மருத்துவரிடம் வந்தார். 1996இல் அதே ஆலையில் இருந்து இன்னொருவர். கெர்ன் ஆலைக்கே போய் ஆட்களைச் சோதித்தார். 165 பேரில் எட்டுப் பேருக்கு நுரையீரல் திசுவே தடித்து இறுகும் வகை நோய். 1998இல் அதை விரிவாக எழுதினார். நடுவில், கூட்டத்தில் இதைப் பேசக் கூடாது என்று ஆலை தடுத்தது, அவர் மீறிப் பேசினார், அவருடைய வேலை போனது என்று ஒரு தனிக் கதை இருக்கிறது. அதை இன்னொரு பதிவில் எழுத வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நியோஷ், அதாவது அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், உள்ளே போய்ப் பார்த்தது. நைலான் இழை நுரையீரலின் ஆழத்துக்குப் போக முடியாத அளவு தடிமன். சாதாரண பாலியஸ்டர் இழைகூட பத்து மைக்ரான் வாக்கில் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான்). ஆழமாகப் போக மூன்று மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்புறம் எப்படிப் போனது? சுழலும் கத்தியில் வெட்டும்போது இழையோடு மெல்லிய சிம்புகளும் பிய்ந்து வந்தன. அவை உள்ளே போயின. ஆட்களுக்கு மூச்சுத் தொந்தரவு எந்த வேலையோடு சேர்ந்து வருகிறது என்று பல ஆலைகளில் விசாரித்தார்கள். மெஷினில் படிந்த தூசியை ஏர் பிரஷரால் ஊதிச் சுத்தம் செய்யும் வேலை முன்னால் வந்து நின்றது.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஹால் கண்முன் வந்தது. ஷிப்ட் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏர் கன்னை எடுத்து மெஷினுக்கு அடிப்பார்கள், டேபிளுக்கு அடிப்பார்கள், அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் முதுகுக்கும் தலைக்கும் அடித்துக்கொள்வார்கள். காலையில் இருந்து கீழே படிந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் மேலே எழும்பும். எல்லாரும் இருக்கும்போதே.

எங்களுடையது நைலான் பொடி இல்லை, பாலியஸ்டர் துணி. அங்கே வந்தது இங்கேயும் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாலியஸ்டர் பட்டனிலும் தூசியிலும் ஒரே பொருள்தானே, பட்டனை முழுங்கினால் மறுநாள் வெளியே வந்துவிடுமே என்று மேனேஜர் கேட்டதற்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன்: பொருள் மட்டும் கணக்கில்லை சார், எவ்வளவு சின்னது, எந்த வழியாகப் போகுது, எத்தனை வருஷம் போகுது என்பதும் கணக்கு. மூக்கிலும் தொண்டையிலும் மாட்டுகிற பெரிய இழை சளியோடு வெளியே வரும், இல்லாவிட்டால் முழுங்கி வயிற்றுக்குப் போகும். ஆழத்துக்குப் போனது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 1998லேயே ஆபரேஷனில் எடுத்த நுரையீரல் துண்டுகள் 114ஐப் பார்த்து, 99இல் பருத்தி போன்ற தாவர இழைகளோ பிளாஸ்டிக் இழைகளோ கிடப்பதைச் சொல்லிவிட்டார்கள். மைக்ரோபிளாஸ்டிக் என்ற பேச்சே கிளம்பாத காலம் அது.

அத்தைக்கு இதில் ஒன்றும் புதுமை இல்லை. மாமா கோவையில் மில்லில் கார்டிங்கில், அதாவது பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவில், இருந்தவர். "வாரலீவு முடிஞ்சு போற அன்னிக்கு நெஞ்சு புடிச்சுக்கும் கண்ணு. ரெண்டு நாள்ல செரியாப் போயிரும். பொட்டலத்துல வெல்லம் கட்டிக் குடுப்பேன்." லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகுவது பருத்தித் தூசி நோயின் பாடப்புத்தக அறிகுறி. அதற்கு பிஸினோசிஸ் என்று பெயர் இருக்கிறது, 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடமும் கிடைத்தது. பாலியஸ்டர் தூசிக்கு அந்தப் பட்டியலில் தனி வரி இருந்ததில்லை. வெல்லத்தைப் பற்றியும் தேடினோம். லக்னோவில் இருக்கும் நச்சியல் ஆராய்ச்சி மையம் தூசி ஏற்றிய எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்து, நுரையீரலில் இருந்து துகள் வெளியேறுவது கூடுகிறது என்று 1994இல் எழுதியிருக்கிறது. எலிக்கு. அத்தைக்கு அதுவே போதும், எனக்கும் சாப்பாட்டு டப்பாவில் ஒரு துண்டு வைக்கிறார். உணவில் மைக்ரோபிளாஸ்டிக் எவ்வளவு என்று அளக்க நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் சேர்த்த ஆய்வகங்களில் அதே லக்னோ மையமும் ஒன்று.

வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான். சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது என்பது ஒன்று. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020இல் பேப்பர் கப்பில் 100 மில்லி சுடுதண்ணீர் ஊற்றி கால்மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், உள்பூச்சில் இருந்து 25,000 துகள் கழன்று வந்தது. அதனால் கம்பெனி டீ பிரேக்குக்கு நான் எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோகிறேன். சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதில்லை. தூக்குப் போசி ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது. கொழுந்தனாருக்கு ஒரு செய்தி: உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் படியும் சுண்ணாம்பு, பிளாஸ்டிக் துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சீனாவில் குவாங்சோவில் 2024இல் பார்த்ததில், கடினத்தன்மை நல்லா ஏறிய தண்ணீரில் 90 சதவீதம் வரை குறைந்தது. செம்புக் குடத்துக்கு அந்தக் காசு தண்டம். தூசிக்கு: சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கி எழுப்புவதை விட்டு ஈரத்துணியால் துடைக்கிறோம், பெருக்கிய கையோடு சாப்பாடு எடுத்து வைப்பதில்லை. வேலைக்குப் போட்டுப் போன சுடிதாரோடு நான் சமையற்கட்டுக்குள் போவதில்லை. பாலியஸ்டர் பஞ்சுத் தலையணைகளை மாற்றி இலவம்பஞ்சு போட வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டார், இலவம்பஞ்சு விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

கம்பெனியில்தான் விஷயம் இருக்கிறது.

பினிஷிங் செக்‌ஷனில் எங்களிடம் த்ரெட் சக்கிங் மெஷின் இருக்கிறது. சட்டையை உள்ளே காட்டினால் ஒட்டியிருக்கும் நூல், லிண்ட் எல்லாவற்றையும் உறிஞ்சி ஒரு பைக்குள் தள்ளிவிடும். ஏன் வாங்கினார்கள்? ஜெர்மனியில் பெட்டியைப் பிரிக்கிறவன் கையில் ஒரு தூசி ஒட்டினால் பீஸ் ரிஜெக்ட். ஆக, தூசியை ஊதிப் பறக்க விடாமல் உறிஞ்சிப் பிடிக்கும் வித்தை எங்கள் கூரைக்குக் கீழேயே இருக்கிறது. அது துணிக்கு. ஆளுக்கு ஏர் கன்.

இதை மேனேஜரிடம் இப்படியே சொன்னேன். தையல் ஹாலுக்கு இரண்டு வேக்யூம் ஹோஸ் போட்டால் போதும் சார் என்றேன். "ஏம்மா, ஆடிட்டுல மாஸ்க் கேட்டான், குடுத்தாச்சு. வேக்யூம் யாரும் கேக்கலையே" என்றார். மாஸ்க் கதை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆடிட் அன்று மூக்கில், மறுநாள் கழுத்தில். புழுக்கத்தில் எட்டு மணிக்கு மேல் ஒன்றரை ஷிப்ட் இழுக்கிற அக்காவிடம் மாஸ்க்கை மேலே ஏற்று என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஓவர்லாக் அக்காக்களிடம் பேசினேன். "ஊதாமப் போனா வீட்டுல பாப்பா மேல ஒட்டுதுங்க, அதுக்குத்தான் அடிச்சுக்கறது" என்றார் ஒருவர். நியாயம்தான். அவர் தூசியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்கத்தான் பார்க்கிறார். அதனால் வாசல் பக்கம் இரண்டு துணி பிரஷ் தொங்கவிட்டு, வெளியே நின்று தட்டிக்கொள்ளச் சொன்னோம். மெஷினுக்கு ஏர் அடிப்பது எல்லாரும் பஞ்ச் பண்ணி வெளியே போன பிறகுதான் என்று லைன் சூப்பர்வைசரிடம் பேசி முடிவாயிற்று. ஒரு செலவும் இல்லாததால் மேலிடத்தில் யாரும் மறுக்கவில்லை.

ஆனால் யாரோ ஒருவர் உள்ளே இருந்து அடித்துத்தானே ஆக வேண்டும். ஒடிசாவில் இருந்து வந்த தம்பி ஒருவன் அடிக்கிறான், ஹெல்ப்பர் சம்பளம். முன்பு முப்பது பேர் பங்கு போட்டுக்கொண்டதை இப்போது அவன் ஒருத்தன் வாங்கிக்கொள்கிறான். என்-95 மாஸ்க் ஸ்டோரில் எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறோம், ஜன்னல் எல்லாம் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். போதாது. வேக்யூமுக்குக் கொட்டேஷன் இரண்டு கடையில் வாங்கி மேனேஜர் டேபிளில் வைத்திருக்கிறேன். ஷிப்மென்ட் முடியட்டும் என்கிறார். அடுத்த ஷிப்மென்டும் பிளீஸ்தான்.